பாட்டுக்கு அடியில்

கொட்டாஞ்சேனையில் ஒஸ்வால்ட் அண்ணனின் கடையில் எனக்கு இரவு வேலை. கம்பஸ் படிப்பைப் பாதியில் விட்டவனுக்கு அது போதும். வீடியோ கசெற்றை டெக்கில் போட்டு, கொம்பியூட்டரில் ஏற்றி, டிவிடியில் எழுதவேண்டும். மூன்று மணித்தியாலக் கசெற் மூன்று மணித்தியாலம் ஓடித்தான் முடியும். கலியாணம், சாமத்தியவீடு, செத்தவீடு எல்லாம் டிவிடியாகி வெளிநாட்டுக்குப் போகும். நான் எதையும் பார்ப்பதில்லை. யாருடையவோ சந்தோஷம் எனக்கென்னத்துக்கு.

இரண்டாயிரத்து ஏழாம் வருடம் ஒரு காலை, வேலை முடிந்து செருப்பை மாட்டும்போது சிவமணி அக்கா வந்தா. வெள்ளவத்தையில் பிளற்றில் இருப்பவ. வியர்த்திருந்தா.

"வழியில ரெண்டு இடத்தில பையைத் திறந்து காட்டினனான், தம்பி. மகே மகுலே வீடியோ எண்டு சிங்களத்தில சொன்னன். என்ர கலியாணம் எண்டோன்ன ஆமிக்காரன் சிரிச்சுப்போட்டு விட்டிட்டான்."

கசெற்றை வாங்கினேன். மேலே சந்தனம் காய்ந்திருந்தது. கவிழ்த்தால் சாம்பல் கொட்டியது.

"இதென்ன?"

"சாமியறையில வைச்சிருந்தனான். வெள்ளிக்கிழமையில திருநீறு போட்டு, கற்பூரம் காட்டுவன்."

"கசெற்றுக்கோ?"

"அதில அவர் இருக்கிறார்."

அவர் என்றால் வரதராசா, அவவின் கணவர். தொண்ணூற்றாறில் கொழும்புக் கோட்டையில் வெடித்த குண்டில் போய்விட்டார். அப்போது மகள் வயிற்றில்.

தேத்தண்ணியோடு வந்த ஒஸ்வால்ட் அண்ணன் எட்டிப் பார்த்தார். "நல்லவேளை, தேங்காய் உடைக்கல்ல," என்றார்.

சிவமணி அக்கா சிரிக்கவில்லை. "மகள் ஒண்டுதான் கேக்கிறாள், அப்பான்ர குரல் எப்பிடியெண்டு. இதில முழுக்கச் சினிமாப்பாட்டு. வாய் அசையிறது மட்டும்தான் தெரியும். குரல் இல்லாட்டிலும் முகமாவது மிஞ்சட்டும், தம்பி. போன கிழமை வீட்டு டெக்கில கீச்சிட்டு நிண்டுட்டுது."

அந்தக் காலத்து வீடியோக்காரர் எல்லோரும் அப்படித்தான். ஐயரின் மந்திரத்துக்கும் ஆட்களின் கதைக்கும் மேல் பாட்டை ஏற்றிவிடுவார்கள். குரலை யார் தேடப்போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

கூட்டைக் கழற்றி, நாடாவைத் துடைத்து, வேறு கூட்டில் மாற்றினேன். விளிம்பு அரிபட்டிருந்தது. "ஒரு தரம் ஓடும். ரெண்டாம் தரம் ஓடுமெண்டு சொல்லமாட்டன்," என்றேன்.

"ஓட விடும்," என்றா. கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்தா. நித்திரை போனது போனதுதான்.

படம் வந்தது. பாட்டும் வந்தது. தாலி கட்டி முடிந்ததும் பாட்டு மங்கத் தொடங்கியது. திருநீறு நாடாவின் மேல் விளிம்பைத்தான் தின்றிருந்தது. பாட்டு அந்த விளிம்பில் இருப்பது. சில நல்ல கமெராக்கள் படத்தோடு சேர்த்து இன்னொரு இடத்திலும் ஒலியைப் பதியும். வீடியோக்காரர் பாட்டை ஏற்றினாலும் அது அழியாது. வீட்டு டெக்குக்கு அதை வாசிக்கத் தெரியாது. எங்கள் டெக்குக்குத் தெரியும். ஆனால் இங்கே வரும் கசெற்றுகளில் அது இருந்ததே இல்லை என்பதால், அந்தப் பொத்தானை நாங்கள் தொடுவதில்லை. பாட்டு முழுக்கச் செத்துப்போனதால்தான் அன்று தட்டிப் பார்த்தேன்.

இரைச்சல். பிறகு நாதஸ்வரம். பிறகு, மிகக் கிட்டத்தில், ஒரு ஆள்.

"ஐயர் இண்டைக்கு முடிக்கிற மாதிரித் தெரியேல்ல. உமக்குப் பசிக்கேல்லையோ?"

சிவமணி அக்கா கதிரையின் கையைப் பிடித்தா.

"எனக்கெண்டால் நல்லாப் பசிக்குது. வடை மணக்குது."

திரையில் மணப்பொம்பிளை குனிந்தபடி ஏதோ சொன்னா, கேட்கவில்லை. மாப்பிள்ளை சிரித்தார். அந்தச் சிரிப்பு கேட்டது.

"இவர்தான்," என்றா. எனக்குச் சொன்ன மாதிரி இல்லை.

ஒஸ்வால்ட் அண்ணன் கோப்பையோடு அப்படியே நின்றார். நாடா கீச்சிடத் தொடங்கியது. நான் டெக்கின் மேல் கையை வைத்துக்கொண்டு இருந்தேன். அதனால் பிரயோசனம் எதுவும் இல்லை. முடிவுவரை ஓடியது.

"முன்பாதியில நான் பொத்தானைத் தட்டேல்ல, அதால குரல் டிவிடியில ஏறேல்ல, அக்கா. பின்னுக்குச் சுத்திப் பாக்கலாம். அறுந்தாலும் அறும்."

அவ யோசிக்கவே இல்லை. "வேண்டாம். கிடைச்சது காணும். அறுந்ததைக் கொண்டுபோய்ச் சாமியறையில வைக்கேலாது."

டிவிடியில் இரண்டு பிரதி எழுதிக் கொடுத்தேன். வாசலில் நின்று திரும்பினா. "வீடியோக்காரனை இவ்வளவு காலமும் திட்டினனான். அவன் எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும். நீரும்."

அப்படி யாரும் எனக்குச் சொன்னதில்லை. "டிவிடிக்குத் திருநீறு போடாதேங்கோ," என்று மட்டும் சொன்னேன்.

பின்னேரம் வேலைக்கு வந்ததும் கடை ஃபோன் அடித்தது. ஒரு பிள்ளையின் குரல்.

"அண்ணா, நான் சிவமணியின்ர மகள். அப்பாவுக்குக் கடைசியில சாப்பாடு குடுத்தவையோ?"

"எங்க நிப்பாட்டினனீர்?"

"பசிக்குது எண்டு ரெண்டாம் தரம் சொல்லேக்க. அம்மா அழுகிறா, அதான் நிப்பாட்டினனான்."

"இன்னும் கொஞ்சம் ஓட விடும். இலை போடுவினம். முதல்ல வடையைத்தான் எடுக்கிறார்."

எனக்கு அது தெரிந்திருந்தது. அன்று காலை கடைசிவரை பார்த்திருந்தேன்.