பேர் சொல்லி எழுப்பு

கண் விழித்தபோது படகின் சின்ன ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மார்தீஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடிவதற்கு முன்பே அவன் அவளை எழுப்பிவிட்டுப் படுக்கப் போயிருக்க வேண்டும். சுக்கான் பிடிக்கும் முறை அவளுடையது. நேற்றும் இதே கதை, இன்றும் இதே கதை.

மேலே ஏறிப் போனாள். கணவன் வென்சு சுக்கான் சக்கரத்தில் முக்கால்வாசி தொங்கிக்கொண்டு நின்றான். கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

"ஏய்யா, என்னை எதுக்குக் கூட்டிட்டு வந்த? படகுல பாரம் பத்தலன்னா?"

"நல்லா அசந்து தூங்குன புள்ள. எழுப்ப மனசு வரல."

"மனசு வரலையாம்! அப்ப ஒரு தலகாணிய ஏத்திட்டு வந்திருக்கலாம்ல? அதுவும் தூங்கும். உன்னத் திட்டவும் திட்டாது."

"தலகாணிக்கு டீ போடத் தெரியாதே."

சிரித்துவிட்டால் போச்சு என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மால்டாவின் வல்லெட்டா துறைமுகத்தில் பீரங்கி வெடித்துப் பாய்மரப் படகுப் பந்தயம் தொடங்கினால், சிசிலித் தீவை முழுசாகச் சுற்றி, வழியில் வரும் தீவுகளையெல்லாம் இடது கைப்பக்கம் விட்டு, மறுபடி வல்லெட்டாவுக்கே வந்து சேர வேண்டும். பெரிய படகுகளில் ஒரு பட்டாளமே இருக்கும். 'ஜவ்ரா'வில் இவர்கள் இரண்டே பேர். கல்யாணமான வருஷத்திலிருந்து இப்படித்தான். ஒருவர் ஓட்ட வேண்டும், ஒருவர் தூங்க வேண்டும். தன் முறை முடிந்தவர் சுக்கானைக் கொஞ்ச நேரம் தானாக ஓட்டும் மெஷினிடம் விட்டுவிட்டு, கிளாஸில் டின் பால் விட்ட டீயோடு படியில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். தொட்டு எழுப்பவே கூடாது. தொட்டால் பதறி எழுந்து மேல்பலகையில் மண்டையை இடித்துக்கொள்வார்கள். இரண்டு பேர் நெற்றியிலும் அதற்கான தழும்பு உண்டு.

போன வருஷம் மார்தீஸுக்கு இருதயத்தில் ஆபரேஷன். அந்தப் பந்தயம் போயே போச்சு. இந்த வருஷம் டாக்டரே "தாராளமா போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். டாக்டர் சொல்லி என்ன, இந்த மனுஷன் கேட்க வேண்டாமா? பாய்க்கயிற்றை அவள் தொட்டாலே "விடு விடு, நான் பாத்துக்கறேன்" என்று விழுந்தடித்து ஓடி வந்தான். வீட்டில் என்றால் பொறுத்துப் போகலாம். இந்தப் படகிலும் தான் ஒரு ஆள் இல்லை, வெறும் நோயாளிதான் என்றால், இனி எங்கேதான் ஆளாக இருப்பது? அதுதான் அவளை அரித்தது. வாய்விட்டுச் சொல்லத்தான் வரவில்லை.

அன்று பகலில் சண்டை போட்டுச் சக்கரத்தைப் பிடுங்கி அவளே ஓட்டினாள். அவனோ படுக்கப் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருட்டியதும் சக்கரத்தை வாங்கிக்கொண்டு, "இன்னிக்குக் கண்டிப்பா கூப்பிடறேன், சத்தியம்" என்றான். அவளும் நம்பினாள். அவளைச் சொல்ல வேண்டும்!

அடுத்த காலை அவளை எழுப்பியது நிசப்தம். காதருகே பலகைக்கு வெளியே சலசலக்கும் தண்ணீர் சத்தமே இல்லை. சாய்ந்து ஓடிய படகு நிமிர்ந்து நின்றுவிட்டது. அடித்துப் பிடித்து மேலே ஏறினாள். பாய்கள் துவண்டு தொங்கின. பாண்டெலேரியா தீவு, கறுத்த பாறையும் மலையுமாகக் காற்றை மறித்துக்கொண்டு, வலது பக்கத்தில் நின்றது.

"வென்சு, தீவு எந்தப் பக்கம்யா இருக்கு?"

"இடது பக்கந்தான். அதோ பாரு" என்று வலது கையை நீட்டினான். "தம்பிகிட்டகூடக் கேட்டேனே. சரியாத்தான் போறேன்னு சொன்னான்."

"எந்தத் தம்பி?"

"முன்னாடி உக்காந்திருக்கானே."

முன்னால் யாரும் இல்லை. அவன் தம்பி மெல்போர்னில் குடியேறி எத்தனையோ காலம் ஆகிறது. தூக்கமில்லாமல் பிதற்றுகிறான் என்று மார்தீஸுக்குப் புரிந்தது. கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சக்கரத்தை வாங்கினாள். முகத்தில் தண்ணீர் அடித்தாள். அவனுக்குக் கொஞ்சம் தெளிந்தது. தீவைப் பார்த்தான், தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"கெடுத்துட்டேனே! இனிமே வந்த வழியே திரும்பி, எதிர்காத்துல சுத்தி வரணுமே!"

"வந்துக்கலாம். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு. என் கை மேல உனக்கு நம்பிக்க இல்லையா?"

"அய்யோ, அது இல்ல புள்ள." பக்கத்தில் கிடந்த காலி டீ கிளாஸை எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தான். "உன்னக் கூப்பிடப் பயமா இருக்கு."

"நான் என்ன கடிச்சா வைக்கப்போறேன்?"

"ஆபரேஷன் அன்னிக்கு, மயக்கம் தெளியுற நேரந்தான், பேர் சொல்லிக் கூப்பிடுங்கன்னு நர்ஸ் சொன்னாங்க. கூப்பிட்டேன். கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். சாயங்காலம் வரைக்கும் நீ ஏன்னு கேக்கல." கிளாஸைக் கீழே வைத்தான். "இப்பவும் டீயோட படில வந்து நிப்பேன். வாயத் தொறந்தா சத்தம் வரமாட்டேங்குது. நான் கூப்பிட்டு நீ பேசாம இருந்துட்டன்னா? அதுக்கு, நீ தூங்குறன்னே நெனச்சுக்கறது தேவலாம்னு இருக்கு. டீய நானே குடிச்சிட்டு மேல வந்துருவேன்."

இத்தனை நாள் அவனை என்னென்ன திட்டினோம் என்று நினைத்தாள். அவன் தலையை இழுத்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

"போய்ப் படு. படகு என் பொறுப்பு."

அவன் கீழே இறங்கிப் போனான். கிடைத்த துளிக் காற்றில் அவள் படகை மெல்ல மெல்லத் திருப்பினாள். மலையின் மறைப்பு விலகியதும் காற்று மூஞ்சியில் அறைந்தது. பாய்க்கயிற்றை இழுக்கும் வின்ச்சைச் சுற்றும்போது நெஞ்சுத் தழும்பு இழுத்தது. நின்று, மூச்சு வாங்கி, மறுபடி சுற்றினாள். கைக்கு எதுவும் மறக்கவில்லை. பாதி நாள் போயிற்று, எத்தனை படகுகள் முந்தினவோ, ஆனால் பாண்டெலேரியா இடது பக்கத்துக்கு வந்து சேர்ந்தது. அதன் பிறகுதான் டீ போட்டு, படியில் நின்று, "வென்சு!" என்று ஒரு சத்தம் கொடுத்தாள். எழுந்து வந்தவனிடம் சக்கரத்தைக் கொடுத்துவிட்டுப் படுத்தாள்.

விழிப்பு வந்தபோது அவள் முறை தொடங்க இன்னும் கொஞ்சம் இருந்தது. கண்ணை மூடியபடியே கிடந்தாள். அடுப்பு பற்றும் சத்தம். கிளாஸில் கரண்டி. படியில் காலடி. பிறகு ஒன்றுமே இல்லை.

தானே எழுந்து உட்கார்ந்துவிடலாம்தான். ஆனால் நாளைக்கும் டீயோடு இதே படியில் ஊமையாக நிற்பான். கூப்பிடுய்யா, கூப்பிட்டுத்தான் பாரேன் என்று மனசுக்குள் மன்றாடினாள். அவன் மூச்சு வாங்குவது கேட்டது.

"மார்தீஸ்."

நூல் மாதிரி ஒரு குரல். அது முடியக்கூட இல்லை.

"வந்துட்டேன்!" என்று போட்டாள் ஒரு கத்தல். அடுத்த தீவு லாம்பெடூசாவுக்கே கேட்டிருக்கும்.

வென்சு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். பாதி டீ சட்டையில். அழுகிறானா சிரிக்கிறானா என்று அவனுக்கே தெரியவில்லை.

"இன்னொரு தடவ கூப்பிட்டுக்கவா?" என்றான்.

"கூப்பிடு" என்று சொல்லிவிட்டு, எழுந்தவள் மறுபடி படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.