கால் வைத்த எழுத்து

ஊரிலிருக்கும் தம்பிக்கு அனுப்ப மகள் எழுதிய கடிதத்தை ஜன்னலோரம் எடுத்துப்போய், இடது கையால் தள்ளிப் பிடித்துப் படித்தார் ஹ்வாங் தேசிக். பக்கவாதத்துக்குப் பிறகு வலது கை மடியிலேயே கிடந்தது, யாரோ பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனதுபோல. ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்துச் சுரங்கத்தில் நிலக்கரி வெட்டிவிட்டு மேலே வந்த நாட்களிலும், நகக்கண்ணின் கறுப்பு தாளில் ஒட்டாமல் ஊருக்குக் கடிதம் எழுதிய கை அது.

மனைவி போக்சுன் இறந்து பதினாறு நாள் ஆகியிருந்தது. முப்பது வருஷம் இந்த ஊர் மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவள். "இந்த ஈர மண்ணுல என்னை விட்டுடாதீங்க" என்று கடைசி வாரத்தில் கேட்டாள். சரி என்று வாக்குக் கொடுத்திருந்தார். கொரியாவில் குடும்பக் கல்லறைகளுக்கென்று இருக்கும் மலையில் அவளுக்கு இடம் உண்டு என்று அவர் தம்பி எழுதிக் கொடுத்தால்தான், தகன நிலையத்தில் சாம்பல் கலசத்தை ஊருக்கு எடுத்துப்போக விடுவார்கள். அடுத்த மாதக் கடைசிவரை கெடு. அதற்குள் தாள் வராவிட்டால் இங்கேயே புதைத்தாக வேண்டும்.

போனில் கேட்டுவிடலாமே என்றாள் மகள் சொன்யோங்.

"போன்ல கேக்க அது என்ன சந்தை முள்ளங்கியா? நம்ம வீட்டுல கல்லறை எடத்தைக் கைப்பட எழுதித்தான் கேப்பாங்க."

"அப்ப சர்ச்ல யாரையாவது எழுதச் சொல்லலாம்ப்பா. எனக்கு எழுத்து தகராறுன்னு உங்களுக்கே தெரியும்."

"அந்நியன் கையெழுத்துல என் பொண்டாட்டிக்கு எடம் கேக்கணுமா? நீதான் எழுதற."

சொன்யோங்குக்கு ஐம்பத்தொரு வயது. பாலம் கட்டும் பொறியாளர். கொரிய மொழி அவளுக்குச் சமையலறையில் அம்மா வாயிலிருந்து காதுக்கு வந்தது. கண்ணுக்கு வரவே இல்லை. ஜெர்மன் எழுத்து கெட்டுப்போகும் என்று கொரியப் புத்தகம் ஒன்றைக்கூட வீட்டுக்குள் விடாதவர் அவர்தான். அம்மா நோயில் படுத்தபிறகுதான், தேவாலயத்துச் சனிக்கிழமை வகுப்பில் ஏழு வயதுப் பிள்ளைகளோடு முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். "பெரியம்மா, இதுகூடத் தெரியாதா?" என்று ஒரு பொடிப்பெண் கேட்டதை வீட்டில் சொல்லிச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

ஐந்து முறை திருத்தி எழுத வைத்தார். ஆறாவது தாளில் கடைசி வரி அவர் சொன்னதல்ல, அவளே சேர்த்தது. பென்சிலை எடுத்தார்.

"இது என்ன வார்த்தை?"

"அம்மா இல்லாம, நானும் அப்பாவும் ஊருக்கு வர்றோம்னு எழுதியிருக்கேன்."

"பெத்தவளை 'இல்ல'ன்னு சொல்றதே மரியாதை இல்ல. அதையும் தப்பா எழுதியிருக்க. கால் எங்க?"

அவளுக்குப் புரியவில்லை. செய்தித்தாளின் ஓரத்தில் இடது கையால் கோணலாக எழுதிக் காட்டினார். இரண்டு வார்த்தைகள், வாயால் சொன்னால் ஒரே ஓசை. அடியில், ஆள் காலை அகட்டி நிற்பதுபோல ஒரு சின்ன எழுத்து இருந்தால் 'இல்லாமல்' என்று பொருள். அந்தக் கால் விட்டுப்போனால் 'முதுகில் சுமந்துகொண்டு' என்றாகிவிடும்.

"அப்ப நான் என்ன எழுதியிருக்கேன்?"

"அம்மாவ முதுகுல சுமந்துகிட்டு வர்றோம்னு."

அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சுமந்துகிட்டுதானேப்பா போகப்போறோம்?"

பென்சில் தாளுக்குமேல் சற்று நேரம் நின்றது. பிறகு மேஜையில் வைத்தார். வாழ்நாளில் பிழை என்று தெரிந்தே அவர் விட்ட வார்த்தை அது ஒன்றுதான்.

கடிதம் போட்ட இருபத்திரண்டாம் நாள் பதில் வந்தது. தம்பி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கோடு போட்டதுபோல எழுதுவார். சொன்யோங் வேலையிலிருந்து நேரே வந்து, மேல்கோட்டைக் கழற்றாமலே எதிரில் உட்கார்ந்தாள். அவர் மனதுக்குள் படித்தார்.

'நாற்பது வருஷமாக மலையில் கல்லறைப் புல் வெட்ட உங்கள் கிளையிலிருந்து ஒருவரும் வரவில்லை. கடிதத்தில் அம்மாவைச் சுமந்துகொண்டு வருவதாக எழுதியிருக்கிறது. ஒரு வார்த்தையைச் சரியாக எழுதத் தெரியாத பிள்ளை, நாளை கல்லறைக் கல்லில் இருக்கும் பெயரை எப்படி வாசிக்கும்? அண்ணன் மன்னிக்க வேண்டும். மலையில் இடம் இல்லை.'

தாளை மடிக்கப் பார்த்தார். ஒரு கையால் மடிப்பு சரியாக விழவில்லை.

"சித்தப்பா என்ன சொல்றாரு?"

"வரச் சொல்றான்." குரலை நிமிர்த்திக்கொண்டார். "புல் வெட்டற காலம் முடியட்டும்னு சொல்றான். நீ போய் பார்லி டீ போடு."

அவள் எழுந்திருக்கவில்லை. மேஜைக்குக் குறுக்கே கையை நீட்டிக் கடிதத்தை எடுத்தாள். அவர் இறுக்கிப் பிடிக்கவில்லை. அதற்கு இரண்டு கை வேண்டும். வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொரு எழுத்தின் அடியிலும் விரல் வைத்து, உதடு அசைய, மேலேயிருந்து படித்துக்கொண்டு வந்தாள். தம்பியின் ஓட்ட எழுத்து அவளுக்குப் பிடிபடவில்லை. வரிகளைத் தாண்டித் தாண்டி வந்த விரல் கடைசி வார்த்தையில் நின்றது.

"அப்பா, இதுல கால் இருக்கு."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் விரலை எடுக்கவில்லை. நகத்துக்கு மேலே, கறுப்பு மையில், அந்தச் சின்ன எழுத்து இரண்டு காலையும் அகட்டி வழியை மறித்து நின்றது.