சிரிப்புக்கு விட்ட இடம்

"வெட்டுறேன்டா, இப்பவே வெட்டுறேன். அப்பா வர்ற அந்த ரெண்டு நிமிஷத்தை..."

"கீபோர்டுலேருந்து கையை எடுக்கா! அதையும் வெட்டிட்டா படத்துல என்ன..."

"நான் பேசி முடிச்சுக்கறேன்!"

"நீ பேசி முடிக்கறதுக்குள்ள படமே ரிலீஸ் ஆயிடும். நாலு வாரம்தான் இருக்கு."

"மெதுவா பேசு. வெளியில சோபாவுல அவரு உட்கார்ந்திருக்காரு."

அக்கா எடிட்டர், தம்பி டைரக்டர். சண்டை, அப்பா நடித்த பழைய சிரிப்புப் படத்தின் ரீமேக்கைப் பற்றி. திருட நுழைந்த வீட்டில் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை என்று உபசரிக்கப்பட்டு, திருதிருவென்று முழிக்கிற திருடனாக வந்து, நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஊரையே வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தவர் அப்பா.

தம்பி அதை அப்படியே எடுத்தான். அப்படியே என்றால் அப்படியே. பழைய படத்தில் ஒவ்வொரு வேடிக்கைக்குப் பிறகும் ஜனம் சிரித்து ஓய எத்தனை நொடி விட்டிருந்தார்களோ, அத்தனையையும் அக்காவை அளக்கச் சொல்லி, புதுப் படத்திலும் அதே நொடிகளை விட வைத்தான். "வேணாம்டா, அந்தச் சிரிப்பு அந்தக் காலத்து ஜனத்தோடது" என்று அவள் சொன்னதற்கு, "நீ வேற, இந்த இடமே பத்தாமப் போகும் பாரு" என்றான்.

நேற்று மதியம் இருநூறு பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் படத்தைப் போட்டார்கள். சிரிப்புக்கு விட்ட இடத்திலெல்லாம் இருமல் கேட்டது. நாற்காலி முனகியது. யாரோ ஒருவன் செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டு கிளம்பியதுகூடத் துல்லியமாகக் கேட்டது.

ஒரே ஒரு இடத்தில்தான் சிரித்தார்கள்.

அப்பாவுக்கு வாட்ச்மேன் வேஷம். மரியாதைக்கு ஒரு காட்சி. கேட்டைத் திறந்து, "ஐயா உள்ள இருக்காரு" என்றால் போதும். அவருக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்து ஒரு வருஷம். திறந்தவர் ஹீரோவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "தம்பி, இது யாரு வீடு? என்னைக் கொஞ்சம் எங்க வீட்டுல கொண்டுபோய் விடறீங்களா? அவ சாப்பிடாம காத்துக்கிட்டிருப்பா."

பெரியவர் சொந்தச் சரக்கைச் சேர்க்கிறார் என்று நினைத்த ஹீரோ, "வாட்ச்மேனுக்கே வழி தெரியலையா, வெளங்கிடும்!" என்றான். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

அம்மா போய் ஆறு வருஷம்.

இருநூறு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"டிரெய்லர்லயே அதைத்தான் போடணுங்கறாரு புரொடியூசர்."

"அவரோட அப்பாவைப் போடச் சொல்லு."

"நான் என்ன வேணும்னா எடுத்தேன்? அவரா பேசினாரு..."

"கட் சொல்ல வாய் இல்ல உனக்கு? டைரக்டராம் டைரக்டர்!"

தம்பி நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். குரல் உள்ளே போயிருந்தது. "மானிட்டர்ல பார்த்தப்போ எனக்கே சிரிப்பு வந்துடுச்சுக்கா. அப்பா பழையபடி ஆயிட்டாருன்னு நினைச்சுட்டேன்."

அவள் நாற்காலியைத் திரைப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஒரே வாட்டி பாரு. அந்தச் சிரிப்போட பாரு. அப்புறம் வெட்டறதுன்னா வெட்டிக்கோ." நேற்று தியேட்டரில் பதிவு செய்துவந்த சத்தத்தைக் காட்சியோடு சேர்த்து ஓடவிட்டான். சின்ன அறை, சிரிப்பு சுவரில் மோதித் திரும்பியது.

கதவு திறந்தது. சிரிப்புச் சத்தம் கேட்டு அப்பா வந்திருந்தார்.

தம்பி பாய்ந்து நிறுத்தப் போனான். "இருடா, ஓடட்டும்" என்றார். பல மாதமாய்க் கேட்காத பழைய அதட்டல். அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை பார்த்தார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார்!

"இன்னொரு வாட்டி போடும்மா."

அவள் போட்டாள். அவர் விரல் நாற்காலியில் மெல்லத் தாளம் தட்டி, பேச்சுக்கும் பேச்சுக்கும் நடுவில் விட்ட இடைவெளியை எண்ணியது.

"யாரு இந்தக் கிழவன், புதுசா? கொஞ்சம்கூட நடிக்காம சொல்றான் பாரு."

தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் விரல் வெட்டும் பொத்தான்மேலேயே கிடந்தது.

"அவனை விடு. இந்த வசனத்தை எழுதினது யாரும்மா? நான் அவரைப் பார்க்கணும்."