பக்கத்துத் தாளின் பசி

சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே சுவரில் ஏழு அட்டைகள் தொங்கின. ஆளுக்கொரு அட்டை, அட்டைக்கொரு தாள். ஒவ்வொரு வேளையும் உள்ளே போகுமுன் அதில் ஒரே ஒரு கேள்விக்கு எண் போட வேண்டும்: இப்போது எவ்வளவு பசிக்கிறது? ஒன்று என்றால் பசியே இல்லை, பத்து என்றால் அகோரப் பசி. பள்ளிக்கூடப் பிள்ளைகூட யோசிக்காமல் போட்டுவிடும். முப்பத்தாறு வயது லேப்காரிக்குத்தான் முழி பிதுங்கியது.

லேப்காரி என்பது அந்த இடத்தில் அவளுக்கு விழுந்த பெயர். வெளியே அவள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சீனியர் டெக்னீஷியன். கருவியைப் பார்க்காமல் நேற்றைய அளவையே இன்றைக்கும் எழுதிவைத்த ஒரு ஜூனியரை அழ அழத் திட்டியவள். அப்பேர்ப்பட்டவள் பேனாவைப் பிடித்துக்கொண்டு தன் வயிற்றைக் கேட்டால் அது வாயே திறக்கவில்லை. காலியாக இருப்பது போலத் தோன்றும். உடனே, காலியாக இருப்பதுதானே நிம்மதி என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். அது வயிற்றின் குரலா, வருடக்கணக்காக அவளை ஆட்டிப்படைத்த நோயின் குரலா, இல்லை சொந்தப் புத்தியா? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

சாப்பிடுவதே நோயாகிப் போனவர்கள் தங்கிச் சிகிச்சை பெறும் வீடு அது. அவள் வந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. காலையில் எடை பார்ப்பார்கள், ஆனால் எந்திரத்துக்கு முதுகைக் காட்டித்தான் ஏற வேண்டும். எண் என்னவென்று சிஸ்டர் மூச்சு விடமாட்டார். சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் எல்லோரும் கூடத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். மேஜையில் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம், சாப்பாட்டைப் பற்றி மட்டும் கூடாது. அதனால் ரொட்டியையும் சூப்பையும் முன்னால் வைத்துக்கொண்டு ஏழு பெண்கள் மழை வருமா வராதா என்று அலசுவார்கள். அவர்கள் அலசிய அலசலில் வானிலை நிலையமே வெட்கப்பட்டிருக்கும்.

வீட்டிலிருந்து கணவன் போனில் பேசும்போது ஒரு நாள் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "பாப்பா இப்பல்லாம் பாதித் தட்டை அப்படியே வெச்சுடறா. நான் கெஞ்சிப் பாத்துட்டேன், மிரட்டியும் பாத்துட்டேன். உன்கிட்டேருந்துதான் ஒட்டிக்கிச்சோன்னு பயமா இருக்கு."

பாப்பாவுக்கு ஆறு வயது. லேப்காரி மறுநாளே போய், வீட்டுக்குப் போக அனுமதி கேட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போய் மகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வரலாம், அதற்குமுன் இரண்டு வாரப் பசித் தாள் நம்பும்படி இருக்க வேண்டும் என்றார் டயட்டீஷியன். சின்ன வயதுப் பெண்தான், ஆனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொருவர் தட்டையும் பார்ப்பார். அதனால் முதுகுக்குப் பின்னால் அவருக்குத் தட்டு மேடம் என்று பெயர்.

அன்றைக்கே லேப்காரியின் கண் பக்கத்து அட்டைக்குப் போயிற்று. அது வக்கீலம்மாவுடையது. ஐம்பதைத் தாண்டியவர், கோர்ட்டில் நீதிபதியையே திணறடித்தவராம். அவர் போடும் எண்கள் கறுப்பு மையில் அழுத்தந்திருத்தமாக இருந்தன. இவ்வளவு தைரியமாக எழுதுகிறவருக்குப் பசி என்றால் என்னவென்று தெரியாமலா இருக்கும்? இன்றைய எண்ணைப் பார்த்து எழுதினால் மாட்டிக்கொள்வோம், நேற்றையதை எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது என்று கணக்குப் போட்டாள். நேற்று மதியம் வக்கீலம்மா ஆறு போட்டிருந்தார். லேப்காரி தன் தாளில் ஆறு போட்டாள். அந்த நிமிஷம் பழைய ஜூனியரின் அழுத முகம் கண்முன் வந்து நின்றது. வந்தால் வரட்டும் என்று உள்ளே போய் உட்கார்ந்தாள். ஈயடிச்சான் காப்பி பன்னிரண்டு நாள் ஓடியது.

வெள்ளிக்கிழமை காலையில் தட்டு மேடம் கூப்பிட்டனுப்பினார். அறைக்குள் வக்கீலம்மாவும் இருந்தார். மேஜைமேல் இரண்டு பேரின் தாள்களும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

"எனக்கு ரெண்டு நாளா மண்டை காயுது," என்றார் தட்டு மேடம் லேப்காரியிடம். "திங்கக்கிழமை மதியம் நீங்க நாலு, இவங்க ஆறு. செவ்வாய் நீங்க ஆறு, இவங்க நாலு. புதன் மறுபடி நீங்க நாலு. உங்க பசி ஒரு நாள் விட்டு ஒரு நாள் இவங்க வயித்துக்குப் போயிட்டு வருது. எப்படிங்க?"

லேப்காரி வக்கீலம்மாவைப் பார்த்தாள். வக்கீலம்மா ஜன்னலைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே குட்டு வெளிப்பட்டுவிட்டது.

"நீங்களுமாக்கா?"

"நீ லேப்ல இருக்கறவ. அளந்து பாக்கறதுதான் உன் தொழில்," என்றார் வக்கீலம்மா, எரிச்சலோடு. "உனக்குத் தெரியும்னு நெனச்சேன். நேத்து நீ போட்டதை எழுதினேன். இன்னைக்குள்ளதை எழுதினா மாட்டிப்போமே."

முதலில் சிரித்தது தட்டு மேடம்தான். அப்புறம் மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும்தான் லேப்காரிக்கு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது.

"இந்த ரிப்போர்ட் செல்லாது மேடம்," என்றாள் அவளே. "நான்னா கிழிச்சுப் போட்டிருப்பேன்."

"சரி. நிஜமா என்ன போட்டிருக்கணும்?"

"தெரியல. சத்தியமா தெரியல."

"அப்ப தெரியலன்னே எழுதுங்க. பொய் நம்பரைவிட எனக்கு அது உபயோகம்." தட்டு மேடம் பேனாவை மூடினார். "ஆனா இந்த ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போக வேண்டாம். பாப்பா இங்க வரட்டும். ஒண்ணா உக்காந்து சாப்பிடுங்க."

அறைக்குத் திரும்பியதும் லேப்காரிக்கு அழுகை வந்தது. கூடவே, வீட்டுக்குப் போக வேண்டாமே, அப்பாடா என்றும் இருந்தது. பெற்ற பிள்ளை விஷயத்தில் அப்பாடா என்று இருக்கலாமா என்று இன்னும் கொஞ்சம் அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் ஓரத்து மேஜையில் மூன்று தட்டுகள் வைத்தார்கள். கணவனோடு வந்த பாப்பா ஓடிவந்து கட்டிக்கொண்டாள், பல் விழுந்த இடத்தைக் காட்டினாள், வாய் ஓயாமல் பள்ளிக்கூடக் கதை சொன்னாள். சாப்பாடு வந்ததும் கப்சிப். லேப்காரி ஒரு வாய் சாப்பிட்டாள், பாப்பா ஒரு வாய் சாப்பிட்டாள். லேப்காரி தண்ணீர் குடித்தாள், பாப்பாவும் குடித்தாள். நாலாவது வாயில்தான் லேப்காரிக்கு விஷயம் உறைத்தது. குழந்தை தட்டைப் பார்க்கவே இல்லை. அம்மாவின் கையைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிடுகிறது.

இது எத்தனை நாளாக நடக்கிறதோ. வீட்டில் அவள் தட்டில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுப் பாவனை காட்டிய ராத்திரியெல்லாம் எதிரே இந்தக் கண்கள் இருந்திருக்கின்றன. பாதித் தட்டில் ஸ்பூன் தானாகக் கீழே இறங்கிவிட்டது.

பாப்பா தன் ஸ்பூனையும் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினாள். "எனக்கும் போதும்."

"எனக்குப் போதும்னு நான் சொல்லலையே."

"ஸ்பூனைக் கீழ வெச்சுட்டியே."

பக்கத்து மேஜையில் வக்கீலம்மா மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"அப்ப உனக்கு இன்னும் பசிக்குதாம்மா?" என்று கேட்டாள் பாப்பா.

லேப்காரி உள்ளே தேடினாள். வயிற்றில் ஏதோ புரண்டது. பசியா, பயமா, குழந்தையைக் கண்ட சந்தோஷமா? இனிப் பொய் ரிப்போர்ட் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்து இரண்டே நாள்தான் ஆகியிருந்தது. தெரியலை என்பதுதான் உண்மை. அதைச் சொன்னால் இரண்டு தட்டும் இப்படியே இருக்கும்.

"பசிக்குது," என்றாள். சொன்னது பொய்யா நிஜமா என்று அவளுக்கே விளங்கவில்லை.

"எவ்வளோ?"

"கொஞ்சம்."

பாப்பா அவள் முகத்தையே உற்றுப் பார்த்தாள். நம்பலாமா கூடாதா என்று யோசிப்பது தெரிந்தது. பிறகு தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"எனக்கும் கொஞ்சம் பசிக்குது," என்று ஸ்பூனை எடுத்தவள், வாயில் வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு, அம்மாவின் கைக்காகக் காத்திருந்தாள்.