நிறைகுடம் வைத்த பூச்சட்டித் தாங்கி

மகளின் கலியாணத்துக்கு வாசலில் நிறைகுடம் வைக்க எங்கள் வீட்டில் ஒரு நல்ல முக்காலிகூட இல்லை. கொடிகாமத்தில் இருக்கும் என் கணவரின் தங்கை பராசக்தியிடம் பூச்சட்டித் தாங்கி ஒன்றை இரவல் வாங்கினேன். சீமைக்குத் திரும்பிய அரசாங்கக் கச்சேரி வெள்ளைக்காரத் துரை ஒருவர் விற்றுவிட்டுப் போன சாமான். வரிவரியாய்ச் செதுக்கிய தூண், அதன் தலையில் இலைச் சுருள், சுற்றிவரப் பூமாலையைக் கவ்விக்கொண்டு ஆட்டுத்தலைகள். பார்த்தால் கண் எடுக்க மனம் வராது.

வெள்ளைத் துணி விரித்து மூடச் சொன்னார் என் மனுசன். வழக்கம் அதுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூடி வைப்பதற்கா இவ்வளவு தூரம் வண்டிலில் ஏற்றிக்கொண்டு வந்தோம்? மாப்பிள்ளை வீட்டார் பார்க்கட்டும் என்று துணியைப் பிடுங்கி எறிந்தேன்.

மாப்பிள்ளை வீடும் கொடிகாமம்தான். தகப்பன் போன வருசம் செத்துப்போனார். தாய் பாலேஸ்வரி. விதவை மங்கல காரியத்தில் முன்னுக்கு நிற்கக் கூடாது என்று, அவரைப் பின்வளவால் உள்ளே கூட்டிப்போகும்படி முதலே சொல்லிவைத்திருந்தேன்.

என் மகன் மாப்பிள்ளைக்குக் கால் கழுவினான். ஆரத்தி எடுக்கப் போகிறோம், பாலேஸ்வரி நேரே நிறைகுடத்தடிக்கு வந்தார். கொம்பு உடைந்த ஓர் ஆட்டுத்தலையின் கீழே கருகியிருந்த இடத்தை விரலால் தடவினார்.

"உது விளக்குச் சரிஞ்சு சுட்ட இடம். என்ரை மனுசன்ரை தலைமாட்டிலை உதிலைதான் விளக்கு வைச்சது."

எனக்குத் தலையில் இடி விழுந்தது. அடி பாவி பராசக்தி! செத்த வீட்டுக்கு இரவல் கொடுத்ததை எனக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? பிணத்தின் தலைமாட்டில் நின்றது என் பிள்ளையின் நிறைகுடத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. வந்த பெண்கள் வாயில் கை வைத்தார்கள். அவர்களோடு வந்த ஒரு பெரியவர் மாப்பிள்ளையின் தோளைப் பிடித்து, திரும்பு என்றார். வாசல்வரை வந்த மாப்பிள்ளை திரும்பிப் போனால் என் பிள்ளையை இனி யார் கட்டுவான்?

நிறைகுடத்தைத் தூக்கி மனுசனிடம் கொடுத்தேன். தாங்கியைக் கொண்டுபோய் வேலிக்கு அப்பால் எறியக் குனிந்தேன். பாலேஸ்வரி என் கையைப் பிடித்தார். குரல் உயரவேயில்லை.

"உதைத் தூக்கினால் என்னையும் தூக்க வேணும், மச்சாள். அவர் கிடக்கேக்கை தலைமாட்டிலை நிண்டது உதுவும் நானும்தான்."

என் கை ஆட்டுத்தலையிலேயே இருந்தது. மாப்பிள்ளை பெரியவரின் கையை விலக்கிவிட்டு வந்து தாயின் பக்கத்தில் நின்றார். நிறைகுடத்தை அதிலேயே திரும்ப வைக்கும்படி மனுசனிடம் சொன்னேன். நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை.