சுண்ணாம்பு விழுந்த தொட்டி

கொட்டகைக்குள் நுழைந்ததும் அண்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டார். கெட்டுப்போன வெண்ணெய் நாற்றம். இரண்டு தொட்டிகளிலும் மரவள்ளிக்கிழங்குக் கூழ் நுரைத்துக்கொண்டிருந்தது.

"கெட்டுப்போச்சு. தொறந்து விட்டுடு."

"கெடலண்ணா. இந்த பாக்டீரியா முதல்ல அமிலம்தான் உண்டாக்கும். அமிலம் ஏறி உச்சிக்குப் போனாத்தான் அதையே எடுத்து எரிபொருளா மாத்தும்," என்றாள் தங்கை.

அண்ணன் இருபது வருஷம் ஈஸ்ட் போட்டு எரிசாராயம் எடுத்தே குப்பை கொட்டியவர். ஈஸ்ட்டுக்கு ஆகாதது எதற்குமே ஆகாது என்பது அவர் சட்டம். கொட்டகை அவருடையது, பிடிவாதம் இருவருக்கும் பொது.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். மாறலன்னா உன் பாக்டீரியாவை மூட்டை கட்டிடணும். பழையபடி ஈஸ்ட்தான்."

"சரிண்ணா."

மூன்று வருஷமாகக் கண்ணும் கருத்துமாக வளர்த்தது. மாறும் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் காலை, இரண்டாவது தொட்டியின் வாயோரத்தில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. சுண்ணாம்பு. அமிலத்தை அடக்க அண்ணனுக்குத் தெரிந்த வைத்தியம். இங்கே காரியத்தைக் கெடுப்பதே அதுதான். அமிலம் ஏறாவிட்டால் பாக்டீரியா மாறவே மாறாது, சொகுசாக அமிலத்தையே உண்டாக்கிக்கொண்டு கிடக்கும். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முதல் தொட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் முதல் தொட்டியில் நாற்றம் அடங்கி, எரிபொருளுக்கே உரிய பெயின்ட் கடை வாடை எழுந்தது. வடித்தெடுத்ததைக் கிழங்கு அரைக்கும் இன்ஜினில் ஊற்றிக் கயிற்றை இழுத்தாள். இரண்டாவது இழுப்பில் இன்ஜின் ஓடியது. இரண்டாவது தொட்டி இன்னும் நாறிக்கொண்டிருந்தது.

அண்ணன் தொண்டையைச் செருமினார். "அதுல சுண்ணாம்பு போட்டது நான்தான். உனக்கு ஒத்தாசையா இருக்குமேன்னு..."

"தெரியும்ணா."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா? ஒண்ணு என் வழி, ஒண்ணு உங்க வழி. நீங்களே மோந்து பாக்கணும்னு விட்டுட்டேன்."

அண்ணன் இரண்டு தொட்டிகளையும் மாறி மாறி மோந்து பார்த்தார். பிறகு மூலையில் கிடந்த சுண்ணாம்பு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வெளியே நடந்தார். வாசலில் நின்றார், திரும்பவில்லை.

"அடுத்த வாரத்துக்குக் கிழங்கு எத்தனை லோடு சொல்லட்டும்?"

"ரெண்டு தொட்டிக்கும் சேத்துச் சொல்லுங்கண்ணா," என்றாள் தங்கை.