விளக்கம் வழங்கப்படும்

பேணாட் இறங்குதுறையிலிருந்து கடலுக்குள் விழுந்தது அது முதல் தடவை அல்ல. ஆனால் பல் உடைந்தது அதுதான் முதல் தடவை.

திருகோணமலைக் குடாவின் உள்மடிப்பில் இருக்கும் சிறிய மீன்பிடிக் கிராமம் சிப்பித்துறை. அங்கே அரசாங்கம் கட்டிக் கொடுத்த இறங்குதுறை நல்ல நீளம். ஆனால் மின்கம்பங்கள் அந்தோனியார் கோவிலடி மட்டும் வந்து நின்றுவிட்டன. விடியப்புறம் மீன்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த பேணாட், பலகை உக்கிப்போன ஓர் ஓட்டைக்குள் காலை விட்டுத் தலைகீழாகப் போனார். மீன்பெட்டியும் கூடவே போனது. மீன்பிடிச் சங்கத்தின் தலைவர் அவர். நனைந்த சாரத்தோடேயே ஓட்டோ பிடித்து அன்புவழிபுரத்துக்கு வந்து, பாராளுமன்ற உறுப்பினர் ஜெயரூபியின் வீட்டுக் கதவைத் தட்டினார்.

“ரீச்சர், இஞ்ச பாருங்கோ,” என்று வாயைத் திறந்து காட்டினார். “இது அரசாங்கத்தின்ர வேலை.”

“பல்லா, அண்ணை?”

“பல்லு என்ர. ஓட்டைதான் அரசாங்கத்தின்ர. ஒரு வெளிச்சம் இருந்திருந்தா ஓட்டையைக் கண்டிருப்பனே. நீங்கள் அங்க கொழும்பில மந்திரியைக் கேளுங்கோ.”

ஜெயரூபி அவரைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தார். இருபது வருடம் தமிழ் படிப்பித்தவர். ஊர் முழுக்க அவருக்கு ரீச்சர்தான். தேர்தலில் நின்றதும் வென்றதும் அவரே எதிர்பாராதவை. வகுப்பறைக்குள் அவர் போனால் எல்லோரும் எழும்புவார்கள். பாராளுமன்றத்தில் அவர் எழும்பினால் ஒருவரும் தலை நிமிர்த்திப் பார்ப்பதில்லை. அந்தக் கூச்சத்தில் இதுவரை ஓர் அமைச்சரிடமும் வாய் திறந்து ஒரு கேள்வி கேட்டதில்லை. பேணாட்டின் பல்லைப் பார்த்தபோது அவருக்கே வெட்கமாக இருந்தது.

“கேக்கிறன் அண்ணை,” என்றார்.

அன்றைக்கே கேள்வியைச் சொல்லச் சொல்ல, அவருடைய செயலாளரும் அக்காவின் மகனுமான இராகுலன் தன் போனில் தட்டினான். அந்தப் போன் அவனைவிட வேகமாகத் தமிழ் எழுதும். ‘விள’ என்று தொட்டால் மிச்சத்தை அதுவே போட்டுக்கொள்ளும். விளக்கு என்று ஜெயரூபி சொன்ன இடத்திலெல்லாம் அது விளக்கம் என்று போட்டது. அனுப்புவதற்கு முன் ஜெயரூபியும் ஒருமுறை வாசித்தார். தான் சொன்னதுதான் அங்கே இருக்கும் என்ற நினைப்போடு வாசித்ததால், அவர் கண்ணுக்குத் தான் சொன்னதே தெரிந்தது.

ஆகவே கேள்வி இப்படி அச்சாகியது: “சிப்பித்துறை இறங்குதுறையில் போதிய விளக்கம் இன்மையால் மக்கள் கடலில் விழுகின்றனர் என்பதை அமைச்சர் அறிவாரா? அவ்விடத்துக்கு விளக்கம் வழங்கப்படுமா? ஆமெனில், எப்போது? இன்றேல், ஏன்?”

மொழிபெயர்ப்பாளர்கள் அதைச் சிங்களத்துக்கு ஒரு குறையும் இல்லாமல் மாற்றினார்கள். கரையோர அபிவிருத்திக்குப் பொறுப்பான அமைச்சில் இந்தக் கேள்வியைக் கண்டு ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. மக்களுக்கு விளக்கம் போதாது என்பது அமைச்சின் நெடுநாளைய கருத்து.

முதல் தடவை கேள்வி வந்தபோது அமைச்சர் இரண்டு வாரத் தவணை கேட்டார். இரண்டாம் தடவையும் கேட்டார். சிப்பித்துறையில் சங்கக் கட்டடத்துக்குள் ஒரு போனைச் சுற்றி இருந்து நேரலை பார்த்தவர்கள், “மந்திரிக்கு விளக்குக் கடையில கடன் தரேல்லைப் போல” என்று பேசிக்கொண்டார்கள். மூன்றாம் தடவை ஜெயரூபி எழும்பிக் கேள்வியின் இலக்கத்தை மட்டும் சொன்னார். அங்கே வழக்கம் அதுதான். முழுக் கேள்வியையும் ஒருவரும் வாசிப்பதில்லை.

அமைச்சர் பதிலை எடுத்து வாசித்தார். காதில் மாட்டியிருந்த கருவியில் தமிழ் வந்தது.

“அறிவேன். வழங்கப்படும். இம்மாத இறுதிக்குள். ‘இன்றேல், ஏன்’ என்ற கேள்வி எழாது.”

ஜெயரூபியால் நம்ப முடியவில்லை. முதலாவது மேலதிகக் கேள்வியைக் கேட்டார்.

“கௌரவ அமைச்சரே, நன்றி. ஆனால் அது நீளமான இறங்குதுறை. ஒன்று போதாது. எத்தனை தருவீர்கள்?”

அமைச்சர் அதிகாரிகள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். ஓர் அதிகாரி கையை விரித்தார். “தேவையான அளவு தரப்படும். மக்கள் போதும் என்று சொல்லும்வரை தரப்படும்.”

“மழைக்காலத்தில் பழுதாகிவிட்டால்?”

அமைச்சர் சிறிது யோசித்தார். “மழை வந்தால் மண்டபத்துக்குள் வைத்துக் கொடுப்போம்.”

ஜெயரூபிக்கு இது ஒரு மாதிரியாகத்தான் பட்டது. இறங்குதுறை விளக்கை எதற்கு மண்டபத்துக்குள் வைக்க வேண்டும்? ஆனால் சபாநாயகர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். பின்னால் இருந்த சக உறுப்பினர் ஒருவர் முதுகில் தட்டினார். எட்டு மாதமாக ஒரு குழாய்க்கிணற்றுக்கு அலைகிறவர் அவர். “முதல் கேள்வியிலயே வாங்கிப்போட்டீங்களே, தங்கச்சி!” என்றார்.

மாதக் கடைசியில் சிப்பித்துறைக்கு ஒரு வேனும் ஒரு சிறிய லொறியும் வந்தன. வாழைமரம் கட்டி, மாலையோடு காத்திருந்தார்கள். லொறியிலிருந்து கம்பம் இறங்கும் என்று எல்லோரும் பார்த்தார்கள். முதலில் கதிரைகள் இறங்கின. பிறகு ஒலிபெருக்கி, வெள்ளைத் திரை, ஜெனரேட்டர். கடைசியாக இரண்டு பேர் ஒரு பதாகையை விரித்துக் கட்டினார்கள்: ‘சிப்பித்துறை இறங்குதுறை – மக்களுக்கான விளக்கம்.’

ஜெயரூபி அதை வாசித்தார். இன்னொருமுறை வாசித்தார். பிறகு கைப்பைக்குள் இருந்த கேள்விப் பிரதியை எடுத்து, எழுத்து எழுத்தாக, மாணவர் கொப்பி திருத்துகிறமாதிரி வாசித்தார். அவர் முகம் சிவந்தது.

“இராகுலன்,” என்றார் மெதுவாக.

இராகுலனும் எட்டிப் பார்த்தான். “ஐயோ சின்னம்மா, போன்...”

“போனுக்கு நான் தமிழ் படிப்பிக்கேல்லை. உனக்குத்தான் படிப்பிச்சனான்.” தானும் வாசித்து அனுப்பியதை நினைக்க, அவனை ஏசவும் வாய் வரவில்லை.

வந்தவர்களுக்குத் தலைவர் குணரத்தினம் என்ற பிரதிப் பணிப்பாளர். அமைதியான மனிதர், நெற்றியில் எப்போதும் வியர்வை. திரையில் படம் தெரியவேண்டும் என்பதற்காகப் பொழுதுபடும்வரை பொறுத்திருந்து தொடங்கினார்.

“இறங்குதுறை என்பது, படகிலிருந்து மக்கள் இறங்குவதற்கான துறை.”

தாத்தா காலத்திலிருந்து படகில் வந்து இறங்குகிறவர்கள் தலையாட்டினார்கள்.

“நடக்கும்போது கீழே பார்த்து நடக்கவேண்டும். ஓட்டை தென்பட்டால் விலகிச் செல்லவேண்டும்.”

“ஐயா,” என்று பேணாட் எழும்பினார். “இருட்டில ஓட்டை எப்பிடித் தென்படும்?”

குணரத்தினம் அடுத்த படத்துக்குப் போனார். அதற்கு அடுத்ததுக்கும் போனார். அந்தக் கேள்விக்கு ஒரு படமும் இல்லை.

முடிவில், “எல்லாருக்கும் விளங்கினதுதானே?” என்று அவர் கேட்டபோதுதான் ஜெயரூபிக்கு அமைச்சரின் வார்த்தை ஞாபகம் வந்தது. மக்கள் போதும் என்று சொல்லும்வரை. சபையில் சொன்னது, பதிவாகியும் விட்டது. அவர் எழும்பினார். பேணாட் இருந்த பக்கம் திரும்பினார்.

“பேணாட் அண்ணை, உங்களுக்கு விளங்கினதோ?”

பேணாட் அவர் முகத்தைப் பார்த்தார். உடைந்த பல் தெரிய மெல்லச் சிரித்தார். “இல்லை ரீச்சர். ஒண்டும் விளங்கேல்லை.”

“எனக்குத் துவக்கத்திலயிருந்தே விளங்கேல்லை,” என்றாள் அவர் மனைவி கிறிஸ்டின். பின்வரிசையில் இருந்து, “எங்களுக்கும்தான்!” என்று சத்தம் வந்தது.

குணரத்தினம் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். “அப்ப அடுத்த கிழமையும் வரவேண்டியதுதான்.”

அடுத்த கிழமையும் வந்தார்கள். இன்னொரு பணிப்பாளரும் கூட வந்தார். அதற்கு அடுத்த கிழமை ஒரு பேராசிரியரைக் கூட்டிவந்தார்கள். அவர் பேசியது உண்மையிலேயே ஒருவருக்கும் விளங்கவில்லை. பிறகு பந்தல் போட்டார்கள். சோற்றுப் பார்சல் கொடுத்தார்கள். ஒரு கார்ட்டூன் படம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். அதில் தொப்பி போட்ட ஒரு நண்டு, கவனமாக நடக்கும்படி புத்தி சொன்னது. பிள்ளைகள் அதை மூன்று தரம் போடச் சொன்னார்கள். கிழமைக்கு ஒருநாள் சிப்பித்துறையில் திருவிழா மாதிரி இருந்தது. கிறிஸ்டின் பந்தலுக்குப் பக்கத்தில் வடை போட்டு விற்கத் தொடங்கினாள். ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் குணரத்தினம் விளங்கினதா என்று கேட்பார். ஊர் ஒரே குரலில் இல்லை என்னும்.

ஒருநாள் பேணாட் வீட்டுக் குசினியில் குணரத்தினத்துக்குப் பாரைமீன் குழம்போடு சோறு போட்டார்கள். ஜெயரூபியும் பக்கத்தில் இருந்து சாப்பிட்டார். குழம்பின் உறைப்போ, வேறென்னவோ, குணரத்தினத்தின் கண் கலங்கியிருந்தது.

“மேடம், நான் எஞ்சினியர். பாலம் கட்டப் படிச்சனான். இப்ப நண்டுப்படம் காட்டிக்கொண்டு திரியிறன். இந்தக் காசுக்கு எப்பவோ கம்பம் நட்டிருக்கலாம்.”

“அதை மேலிடத்துக்கு எழுதலாமே?”

“நானா எழுத ஏலாது, மேடம். விளக்கம் குடுக்கச் சொல்லித்தான் உத்தரவு.” அவர் சோற்றைப் பிசைந்தபடி, குரலைத் தாழ்த்திச் சொன்னார். “ஆனா ஆராவது செலவுக் கணக்கைச் சபையில கேட்டா, பதில் எழுதுறது நான்தான்.”

ஜெயரூபி அன்றைக்கே வீட்டுக்குப் போய்க் கேள்வியைத் தன் கையாலேயே எழுதினார். இராகுலன் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை மட்டும் செய்தான்.

இந்தத் தடவை அமைச்சர் தவணை கேட்கவில்லை. பதில் தயாராக வந்திருந்தது. ஆனால் அவர் அதை முன்கூட்டி வாசித்திருக்கவில்லை என்பது பாதியிலேயே தெரிந்தது.

“இதுவரை வாகனம், எரிபொருள், பந்தல், உணவு, பேராசிரியர், நண்டு...” அவர் நிறுத்தி, கண்ணாடியைச் சரிசெய்தார். “...நண்டுத் திரைப்படம் ஆகியவற்றுக்குச் செலவான தொகையில், மேற்படி இறங்குதுறைக்கு நுனிவரை கம்பமும் விளக்கும் இட்டு, பலகைகளையும் மாற்றி, இரண்டு வருட மின்கட்டணமும்...” அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. “...செலுத்தியிருக்கலாம்.”

முதலில் எதிர்க்கட்சிப் பக்கம் சிரித்தது. பிறகு அவருடைய பக்கமும் சிரித்தது. சபாநாயகர் ஒழுங்கு ஒழுங்கு என்று தட்டிவிட்டு, தானும் கீழே குனிந்துகொண்டார்.

ஜெயரூபி எழும்பினார். சபை முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது.

“கௌரவ சபாநாயகர் அவர்களே, நான் ஒரு தமிழ் ஆசிரியை. என்னுடைய முதலாவது கேள்வியில் விளக்கு என்பது விளக்கம் என்று பிழையாக அச்சாகிவிட்டது. அந்தப் பிழை என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விளக்கம் இல்லாமல் சனம் கடலில் விழுகிறது என்று கேட்டபோது, அறிவேன் என்று சொன்னது கௌரவ அமைச்சர். அதில் ஓர் எழுத்துப் பிழையும் இல்லை. அவர் எதை அறிந்தார்? இதற்கு விளக்கம் வழங்கப்படுமா?”

அமைச்சர் நல்ல கோபத்தோடுதான் எழும்பினார். அதிகாரிகள் இருந்த பக்கம் பார்த்தார். அங்கே குணரத்தினம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன நினைத்தாரோ, அமைச்சர் கையிலிருந்த தாளை மடித்து வைத்துவிட்டுச் சிரித்துவிட்டார்.

“போதும், கௌரவ உறுப்பினரே. விளக்கையே தருகிறேன்.” அதைத் தமிழில் சொன்ன மொழிபெயர்ப்பாளரின் குரலும் சிரிப்பில் அடைத்தது.

அமைச்சர் சொன்னபடியே கம்பங்கள் வந்தன. பலகைகளையும் மாற்றினார்கள். அந்த வேலைக்குக் குணரத்தினம் நீளக்கைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு தானே நின்றார். விளக்குப் போட்ட அன்று ஒலிபெருக்கியில் நாலு வார்த்தை பேசச் சொல்லிச் சங்கத்தார் கேட்டார்கள்.

“ஐயோ வேண்டாம்,” என்று அவர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

வெளிச்சம் விழுந்த தண்ணீரைத் தேடிக் கணவாய் மீன் கூட்டமாக வந்தது. அதைக் கண்டதும் மாலையையும் மரியாதையையும் விட்டுவிட்டு ஊர் முழுக்கத் தூண்டிலோடு ஓடியது. பேணாட் ஒரு தூண்டிலை ஜெயரூபியின் கையிலும் திணித்தார். முதல் கணவாயை அவர் ஒரு கூச்சலோடு இழுத்தெடுத்தபோது, அது அவருடைய வெள்ளைச் சேலை முழுக்க மையைப் பீய்ச்சியது.

“தேசிக்காய்ப் புளி போட்டா போகும் ரீச்சர்,” என்றாள் கிறிஸ்டின்.

“போகாட்டிலும் பரவாயில்லை,” என்றார் ஜெயரூபி. “அந்தப் பெட்டியை இஞ்சால தள்ளுங்கோ. இன்னொண்டு இழுக்குது.”